நோக்கத்தால் மருந்தாவது: சினைப்பை நீர்க்கட்டி நோயும் கத்தோலிக்க அறநெறியும்

காசநோய் என்று உறுதியாகிவிட்டால் எந்த மருந்து, எத்தனை மாதம் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் நோயின் பெயரே விடை தந்துவிடுகிறது. நோயாளி எப்படி வாழ விரும்புகிறார் என்பது மருந்துச் சீட்டை மாற்றுவதில்லை. பேச்சு வழக்கில் 'பிசிஓடி' என்றும் வெறுமனே 'நீர்க்கட்டி' என்றும் வழங்கும் சினைப்பை நீர்க்கட்டி நோய் இத்தகையது அன்று. இந்த நோயுள்ள இரு பெண்களுள் ஒருவருக்குக் கருமுட்டை வெளிப்படுவதை நிறுத்தும் மாத்திரையையும், மற்றவருக்குக் கருமுட்டையை வெளிப்படச் செய்யும் மாத்திரையையும் ஒரே மருத்துவர் ஒரே நாளில் எழுதித் தரலாம். இரண்டுமே முறையான சிகிச்சைதான். ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை, 'என்ன கொடுப்பது' என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு முன்பே 'எதற்காக' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. செயலின் நன்மை தீமையை அதன் நோக்கத்தோடு சேர்த்தே எடைபோட்டுவந்த ஒரு பழைய சமய மரபு, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் அறநெறி இறையியல், இச்சிகிச்சையை எதிர்கொள்ளும் இடம் அதனாலேயே கூர்ந்து நோக்கத்தக்கது. கருத்தடையைத் தீமை என்று கற்பிக்கும் அம்மரபு, கருத்தடை மாத்திரையையே முதன்மை மருந்தாகக் கொண்ட ஒரு நோயை என்ன செய்யும் என்பது கேள்வி.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இறையியல் வாதத்தின் முடிச்சுகள் உடலியங்கியலின் நுணுக்கங்களில்தான் விழுந்திருக்கின்றன. 1935-இல் சிகாகோ மருத்துவர்களான இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் ஆகியோர், மாதவிடாய் அரிதாகிப் போன 7 பெண்களின் சினைப்பைகள் பருத்துச் சிறு பைகள் நிறைந்து இருந்ததையும், அச்சினைப்பைகளின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி நீக்கியபின் எழுவருக்கும் மாதவிடாய் திரும்பியதையும், அவர்களுள் இருவர் கருவுற்றதையும் எழுதி வெளியிட்டனர். அவர்கள் கண்டவை உண்மையில் கட்டிகள் அல்ல. வளர்ச்சி பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவே உள்ளவை. 'நீர்க்கட்டி' என்ற பெயர் கேட்பவரை அறுவைச் சிகிச்சையை நினைக்க வைக்கிறது என்பதால் அது பொருத்தமற்ற பெயர் என்று நெடுங்காலமாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த இலக்கணத்தின்படி, கருமுட்டை ஒழுங்காக வெளிப்படாமை, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை இயக்குநீரின் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், வேறு நோய்கள் இல்லையென உறுதிசெய்த பின், இந்நோய் என்று கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இனப்பெருக்க வயதுப் பெண்களுள் 10-க்கு ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலானோருக்கோ இது இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலே இருக்கின்றனர்.

உடலுக்குள் நிகழ்வது ஒரு சுழல். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எல்.எச். என்னும் இயக்குநீரை மிகையாகச் சுரக்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காததால் இரத்தத்தில் இன்சுலினும் மிகுந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து சினைப்பையை ஆண்ட்ரோஜன் உற்பத்திக்குத் தள்ள, கருமுட்டைப் பைகள் முதிராமல் தேங்குகின்றன. சிகிச்சை நிலையங்களில் 'முட்டை வெடிப்பது' என்று சொல்லப்படும் கருமுட்டை வெளிப்பாடு நிகழாதபோது, அதன்பின் சுரக்க வேண்டிய புரோஜெஸ்டிரானும் சுரப்பதில்லை. அப்போது ஈஸ்ட்ரோஜன் மட்டும் எதிர்ப்பின்றிக் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்துகொண்டே போகும். பல ஆண்டுகள் இப்படியே சென்றால் அச்சவ்வில் மிகைவளர்ச்சியும், சிலருக்குப் புற்றுநோயும் தோன்றலாம். மாதவிடாய் வரவில்லையே என்ற கவலை வெறும் கவலையாக நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்வது எல்லோருக்கும் பொதுவான அடித்தளம். உடல் எடை மிகுந்தவர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குபடக்கூடும். இன்சுலின் பக்கத்தைக் கவனிக்க மெட்பார்மின் உண்டு. இப்போதைக்குக் குழந்தைப்பேற்றை நாடாத பெண்ணுக்கு, ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரானைப் போல் இயங்கும் புரோஜெஸ்டோஜனும் கலந்த கருத்தடை மாத்திரையே முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து. அதன் புரோஜெஸ்டோஜன் கருப்பையின் உட்சவ்வைக் காக்கிறது. இரண்டும் சேர்ந்து எல்.எச். சுரப்பை அடக்குவதால் ஆண்ட்ரோஜன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தை மிகுவிப்பதால் முகத்தில் மயிர் வளர்வதும் பருக்களும் மெல்ல அடங்குகின்றன. இரத்தக்கட்டு அபாயம் உள்ளவர்களுக்கும், பார்வை மங்கலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இது ஆகாது என்பதும் மருத்துவத்தின் பொது அறிவு. இவற்றோடு, கருமுட்டை வெளிப்படும் சிறு வாய்ப்பையும் மாத்திரை அடைத்துவிடுகிறது. அறநெறிச் சிக்கல் தொடங்குவது இந்தக் கடைசி வாக்கியத்தில்.

மாத்திரையின் பிறப்பு வரலாற்றிலேயே இந்த இருமை உறைந்திருக்கிறது. பாஸ்டன் பகுதியில் குழந்தைப்பேறின்மைக்குச் சிகிச்சை அளித்துவந்த ஜான் ராக், நாள்தோறும் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கர். 1950-களின் தொடக்கத்தில் அவர் 80 பெண்களுக்குச் சில மாதங்கள் இயக்குநீர்களைக் கொடுத்துச் சினைப்பைக்கு ஓய்வளித்து, பின் நிறுத்திப் பார்த்தபோது 13 பேர் கருவுற்றனர். ஆக, உலகம் கருத்தடைக்கென அறியும் மருந்தின் முன்வடிவங்களுள் ஒன்று கருவுறச் செய்யும் முயற்சியாகவே அவர் கைக்கு வந்தது. 1957-இல் அமெரிக்க அரசு எனோவிட் என்ற பெயரில் அம்மாத்திரைக்கு மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தென்று மட்டுமே ஒப்புதல் அளித்தது. கருத்தடைக்கான ஒப்புதல் 1960-இல்தான் வந்தது. இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளில், தங்களுக்கு மாதவிடாய்க் கோளாறு இருப்பதாகச் சொல்லி மருந்துச் சீட்டு பெற்ற அமெரிக்கப் பெண்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் உயர்ந்தது. அந்நாட்டுப் பெண்களின் சினைப்பைகள் திடீரென ஒருசேரக் கெட்டுப்போயின என்று நம்ப எந்த மருத்துவரும் ஆயத்தமாக இல்லை. நோக்கத்தைச் சொல்லால் மட்டுமே அறியக்கூடிய இடத்தில் அச்சொல்லை எவ்வளவு நம்புவது என்ற சிக்கல், இறையியலாளர்களின் மேசைக்கு வருமுன் மருந்துக் கடையிலேயே வந்துவிட்டது.

திருச்சபையின் விடை 1958 செப்டம்பர் 12 அன்று வந்தது. இரத்தவியல் மருத்துவர்களின் மாநாட்டுக்கு வந்தவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், கருப்பையிலோ உடலிலோ உள்ள ஒரு நோய்க்குத் தேவையான மருந்தாக, மருத்துவரின் அறிவுரைப்படி, கருத்தரிப்பைத் தடுக்கும் எண்ணமின்றி ஒரு பெண் இம்மாத்திரையை உட்கொண்டால், அதனால் விளையும் தற்காலிக மலட்டுத்தன்மை மறைமுகமானது, எனவே ஏற்கத்தக்கது என்றார். கருத்தரிப்பதைத் தடுப்பதற்காகவே உட்கொண்டால் அது நேரடியானது, ஏற்கத்தகாதது என்றார். ஒரு மாதம் கழியுமுன் அவர் இறந்தார். இதை ஆராயத் திருச்சபை 1963-இல் அமைத்த ஆய்வுக்குழுவின் பெரும்பான்மையினர் 1966-இல் கருத்தடை குறித்த போதனையை மாற்றலாம் என்று பரிந்துரைத்தபோதும், 1968 ஜூலை 25 நாளிட்ட 'ஹியூமானே வீத்தே' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றவில்லை. சுற்றுமடல் என்பது திருத்தந்தை உலகத் திருச்சபைக்கு எழுதும் போதனை மடல். பெரும் எதிர்ப்பலையை எழுப்பிய அம்மடலின் 15-ஆம் பத்தியை அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை: உடல் நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சை, அதனால் இனப்பெருக்கத்துக்குத் தடை விளையும் என முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அத்தடையை நேரடியாக நாடாதவரை தவறன்று என்று அப்பத்தி கூறுகிறது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடியில் இருப்பது இரட்டை விளைவுக் கொள்கை. ஒரே செயலால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளையுமானால் அச்செயலைச் செய்யலாமா என்பதற்கு அளவுகோல் தருவது அது. அதன் வேர், தற்காப்பில் எதிரியைக் கொன்றவன் குற்றவாளியா என்ற கேள்விக்குப் 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அளித்த விடையில் காணப்படுகிறது. பிற்கால அறநெறி நூல்கள் அதை நான்கு நிபந்தனைகளாக வகுத்தன. செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. நன்மையே நாடப்பட வேண்டும். தீய விளைவு நன்மைக்கு வழியாக அமையக் கூடாது. தீமையைப் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவு கனமான காரணம் இருக்க வேண்டும். முதல், இரண்டாம், நான்காம் நிபந்தனைகளைப் பற்றி இங்கே நீண்ட வாதம் தேவையில்லை. மூன்றாவதுதான் உண்மையான சோதனை: கருமுட்டை வெளிப்பாடு நிறுத்தப்படுவதால்தான் நோய் தணிகிறதா, அல்லது நோய் தணிவதும் முட்டை வெளிப்பாடு நிற்பதும் ஒரே காரணத்தின் இரு தனித்தனிக் கிளைகளா?

இந்த நோயைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது. பிட்யூட்டரி அடக்கப்படுவது அடிமரம். அதிலிருந்து ஒரு கிளையாக ஆண்ட்ரோஜன் குறைகிறது, மற்றொரு கிளையாகக் கருமுட்டை வெளிப்பாடு நிற்கிறது. ஒரு கிளை மற்றதைத் தாங்கி நிற்கவில்லை. கருப்பை உட்சவ்வின் பாதுகாப்போ இன்னும் தெளிவானது, ஏனெனில் அது புரோஜெஸ்டோஜன் அச்சவ்வின்மேல் நேரடியாகச் செய்யும் வேலை. சினைப்பையில் என்ன நடக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதனோடு மாதவிடாய் வலிக்குத் தரப்படும் மாத்திரையை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்: அங்கே முட்டை வெளிப்படாத சுழற்சியில் வலி குறைவு என்பதே மருந்து பயன்படுவதற்கான காரணங்களுள் ஒன்று, ஆகவே தடையே வழியாகிவிடுகிறது. கண்டிப்பான ஒரு இறையியலாளர் அங்கே தயங்கலாம். இங்கே தயங்க வேண்டியதில்லை. பொதுவாகக் கத்தோலிக்க நூல்கள் 'மாதவிடாய்க் கோளாறு' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு அனுமதி வழங்கிவிடுவது, தங்கள் கொள்கையின் கூர்மையைத் தாங்களே மழுக்கிக்கொள்வதாகும்.

மாதவிடாய் வலியை ஒத்த கடினமான இடங்களுக்கு அதே மரபில் வேறொரு கருவி இருக்கிறது. 1953-இல் இத்தாலிய சிறுநீரக மருத்துவர்களிடம் பேசிய பன்னிரண்டாம் பயஸ், புரோஸ்டேட் புற்றுநோயின் பரவலைத் தடுக்க நலமான விரைகளை அகற்றலாமா என்ற கேள்விக்கு, அகற்றலாம் என்றே விடையளித்தார். குறித்த உறுப்பு நோயுற்றிருக்கிறதா என்பது அளவுகோல் அன்று, அதன் இயக்கம் முழு உடலுக்குத் தீங்காகிறதா என்பதே அளவுகோல் என்று விளக்கினார். உறுப்பு முழுமைக்காக இருக்கிறது என்னும் இந்த முழுமைக் கொள்கையின்படி பார்த்தால், நலமான ஓர் இயக்கத்தை நேரடியாகவே நிறுத்துவதும், அது முழு உடலின் நலத்துக்காகவெனில், மருத்துவமாகிறது. ஆனால் இனப்பெருக்க ஆற்றலுக்கு இக்கொள்கையை நீட்டிக்கும்போது அத்திருத்தந்தை எச்சரிக்கையாகவே இருந்தார். இனி ஒரு கருவைத் தாங்க உடல் இடங்கொடாது என்பதற்காகக் கருத்தரிப்பையே தடுப்பதை அவர் ஏற்கவில்லை.

இவ்விடத்தில் 'இயற்கை' என்ற சொல்லையும் நிறுத்தி வினவ வேண்டும். சுற்றுமடல் பெண்ணுடலில் இறைவன் வைத்த இயற்கைச் சுழற்சியைப் பற்றிப் பேசுகிறது. கருவுறா நாட்களை அறிந்து நடப்பதை அனுமதிப்பதும் அச்சுழற்சியை நம்பியே. சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள உடலிலோ அச்சுழற்சி இல்லை, அல்லது எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது. மெல்பர்னில் 1953-இல் ஜான் பில்லிங்ஸ் தொடங்கிய, கருப்பை வாய்ச் சளியின் தன்மையைக் கொண்டு நாட்களைக் கணிக்கும் முறை, இந்தியப் பங்கு ஆலயங்களின் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் கற்பிக்கப்படுவது. இந்நோயுள்ள பெண்ணுக்கோ முட்டை வெளிப்படாமலே அச்சளி பலமுறை தோன்றித் தோன்றி மறைவதால் அக்கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. உடலில் தானாக நிகழ்வதே இயற்கை என்று கொண்டால், முட்டை வெளிப்படாமையும் அவளுடைய இயற்கையே. அதை மருந்தால் மாற்றுவது செயற்கையான தலையீடு. திருச்சபை அப்படிக் கொள்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது: முட்டையை வெளிப்படச் செய்யும் மருந்தை அது தயக்கமின்றி ஏற்கிறது. அப்படியானால் அதன் அகராதியில் இயற்கை என்பது நிகழ்வதன் பெயரன்று, நிகழ வேண்டியதன் பெயர்; அரிஸ்டாட்டில் வழியாக அக்குவினாசுக்கு வந்த, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இலக்கு என்னும் கருத்து அது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், மாத்திரை செயற்கையானது என்பதால் தவறு என்ற பாமர வாதம் தானே உதிர்ந்துவிடும். ஆயினும் பிரசங்க மேடைகளில் அவ்வாதமே இன்றும் கூடுதலாக ஒலிக்கிறது.

15-ஆம் பத்தி 'குணப்படுத்த' என்று சொல்வதைப் பற்றிக்கொண்டு சில கத்தோலிக்க மருத்துவர்கள் வேறொரு தடையை எழுப்புகின்றனர். மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை, மூடி மறைக்கிறது. நிறுத்தியவுடன் பழைய ஒழுங்கின்மை திரும்புகிறது. ஆகவே அனுமதிக்குரிய சிகிச்சை என்ற சொல்லுக்கே அது தகுதியற்றது என்பது அவர்களின் வாதம். இப்பள்ளியின் முதன்மையான மருத்துவர் தாமஸ் ஹில்கர்ஸ். ஆறாம் பவுலின் சுற்றுமடல் அறிவியலாளருக்கு விடுத்த அழைப்பை ஏற்று, அத்திருத்தந்தையின் பெயரிலேயே 1985-இல் ஒமாஹா நகரில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவியவர். பெண்ணின் சுழற்சியை நாள்தோறும் குறித்துவைத்து, குறையுள்ள இயக்குநீரைக் குறித்த நாளில் ஈடுசெய்வது அங்கு வளர்ந்த நேப்ரோ என்னும் மருத்துவ முறை; தேவைப்படும்போது ஸ்டைனும் லெவந்தாலும் செய்த ஆப்பு அறுவையையே புதிய நுட்பங்களோடு அது மீண்டும் கையாள்கிறது. 1967-இல் கருமுட்டையை வெளிப்படச் செய்யும் குளோமிபீன் என்னும் மாத்திரை வந்தபின்பும், அறுவைக்குப்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதிய மலட்டுத்தன்மையைத் தருவது கண்டறியப்பட்டபின்பும் பொது மருத்துவம் கைவிட்ட அறுவை அது.

அம்முறையில் பெண்ணின் உடலை அக்கறையோடு கவனிக்கும் ஒழுங்கு இருப்பதை மறுக்க முடியாது. எனினும், குணப்படுத்தாதது சிகிச்சையன்று என்ற வாதம் நிற்காது. நீரிழிவுக்கு இன்சுலினும் தைராய்டுக் குறைவுக்குத் தைராக்சினும் குணப்படுத்துவதில்லை, நாள்தோறும் ஈடுசெய்கின்றன, அவற்றை எவரும் மூடி மறைத்தல் என்பதில்லை. சினைப்பை நீர்க்கட்டி நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றுவரை எந்தப் பள்ளியிடமும் இல்லை. மாத்திரையை மட்டும் குணப்படுத்தலின் அளவுகோலால் அளந்து மற்றவற்றை விட்டுவிடுவது, முடிவை முன்பே வைத்துக்கொண்டு காரணம் தேடுவதாகவே தோன்றுகிறது. அதேவேளை, மூன்று நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து, எடை, இன்சுலின், மனச்சோர்வு எதைப் பற்றியும் பேசாமல் அனுப்பிவிடும் மருத்துவத்தின்மீது அவர்கள் வைக்கும் குறை நியாயமானது. 2023-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி நெறிகளும் மன நலத்தைக் கேட்டறிய வேண்டும் என்று அதையே வேறு மொழியில் சொல்கின்றன.

இதுவரை பேசப்பட்டது நோக்கம் தெளிவாக இருக்கும் நிலை. மணமான ஒரு கத்தோலிக்கப் பெண், இந்நோய் உள்ளவர், இரு குழந்தைகளுக்குத் தாய், மூன்றாவது வேண்டாம் என்று எண்ணுபவர், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை உட்கொள்கிறார் எனக் கொள்வோம். நோய் உண்மை, மருந்தின் தேவை உண்மை, கரு உருவாகாது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருப்பதும் உண்மை. அந்த நிம்மதி அவருடைய செயலைக் கருத்தடையாக மாற்றிவிடுமா? கத்தோலிக்கராக மாறிய ஆங்கிலத் தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம், 1957-இல் வெளியான தம் நூலில் நோக்கம் என்பது மனத்துக்குள் நிகழும் ஓர் உணர்ச்சியன்று என்று காட்டினார். செய்பவரிடம் 'ஏன்' என்று கேட்டால் அவர் தரக்கூடிய விடைகளின் வரிசையே நோக்கத்தின் வடிவம் என்பது அவர் கருத்து. அவ்வழியில் பார்த்தால், விளைவொன்றை வரவேற்பதும் அதற்காகச் செய்வதும் வேறுவேறு. மழைக்காகக் கூரைக்கு ஓடு வேய்பவன் வெயிலும் படாது என்று மகிழலாம். வெயிலுக்காக வேய்ந்தான் என்று சொல்லிவிட முடியாது. நோய் நாளைக்கே நீங்கிவிட்டால் மாத்திரையை அவர் நிறுத்துவாரா என்று இறையியலாளர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு அவருக்கே விடை தெரியாமல் இருக்கலாம். மனிதர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக எதையும் செய்வதில்லை. கலந்த நோக்கங்களைத் தராசிலிட்டுப் பிரிக்கும் வழியை அம்மரபின் நூல்கள் தருவதில்லை. மனச்சான்றுக்கும் ஒப்புரவுக் கூண்டில் அமர்ந்திருக்கும் குருவுக்கும் விட்டுவிடுகின்றன. அதில் ஒரு ஞானம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அந்த ஞானத்தை இழந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் முன் ஒரு சட்ட மாணவி அளித்த சாட்சியம் எடுத்துக்காட்டு. அவர் படித்த, இயேசு சபையினர் நடத்தும் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்பீடு, கருத்தடைக்கு மாத்திரையைத் தராது, நோய்க்குத் தரும் என்ற விதியைக் கொண்டிருந்தது. ஹியூமானே வீத்தேயின் 15-ஆம் பத்தியைக் காப்பீட்டு மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். அவருடைய தோழி ஒருவருக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய். மருத்துவரின் சான்று இருந்தும், உண்மையில் அவர் கேட்பது கருத்தடைக்காகத்தானோ என்ற ஐயத்தில் காப்பீட்டு அலுவலர்கள் மீண்டும் மீண்டும் மறுத்தனர் என்றும், தன்பாலின ஈர்ப்புடைய அவருக்குக் கருத்தடை தேவைப்படவே இல்லை என்றும், பணம் கொடுத்து வாங்க முடியாமல் மாத்திரையை நிறுத்தியபின் பெரிய கட்டி தோன்றி ஒரு சினைப்பையை அகற்ற வேண்டியதாயிற்று என்றும் அம்மாணவி கூறினார். இந்நோயில் காணும் பைகள் சிறியவை என்பதால் அப்பெரிய கட்டி இந்நோயினதுதானா என்று மருத்துவர் கேட்கலாம்; அறநெறிக் கேள்விக்கு அது முக்கியமன்று. இரட்டை விளைவுக் கொள்கை ஒருவர் தம் செயலைத் தாமே ஆராய்வதற்காக வகுக்கப்பட்டது. அதைப் படிவமாக்கிப் பிறருடைய உள்ளத்தைச் சோதிக்கும் அலுவலரின் கையில் கொடுத்தபோது, ஒப்புரவுக் கூண்டின் இடத்தில் காப்பீட்டு அலுவலகம் வந்து அமர்ந்தது. மன்னிப்பு வழங்கும் அதிகாரம் மட்டும் அதனிடம் இல்லை. கொள்கையில் பிழையில்லை, பிறர் நோக்கத்தை மாத்திரை அட்டையைப் பார்த்துப் படித்துவிடலாம் என்று எண்ணியதே பிழை.

குழந்தை வேண்டும் என்னும் பெண்ணுக்கு அறநெறிப் பாதை முதலில் அகலமாகவும் பிறகு சட்டெனக் குறுகியும் செல்கிறது. 750 பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கருமுட்டையை வெளிப்படச் செய்யும் லெட்ரோசோல் என்னும் மருந்தை உண்டவர்களுள் 27.5 விழுக்காட்டினரும் குளோமிபீன் உண்டவர்களுள் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றதிலிருந்து லெட்ரோசோல் முதல் மருந்தாகியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்ற காரணத்தால் 2011-இல் இந்திய அரசு இப்பயன்பாட்டைத் தடைசெய்து, 2017-இல் அத்தடையை நீக்கியது. மணவாழ்வின் உறவுக்குத் துணை நிற்பது என்பதால் திருச்சபைக்கு இம்மருந்தில் மறுப்பில்லை. அது பயனளிக்காமல் சோதனைக்குழாய் கருத்தரிப்பை நாட வேண்டி வரும்போது, தம்பதியரின் உறவுக்குத் துணை நிற்பது வேறு, அதன் இடத்தைப் பிடிப்பது வேறு என்ற 1987-ஆம் ஆண்டின் 'தோனும் வீத்தே' என்னும் போதனை ஏடு குறுக்கே நிற்கிறது. இந்நோயின் சிறப்பு முரண் அதன்பின்தான் வருகிறது. இவ்வகைச் சினைப்பைகள், அச்சிகிச்சையில் முட்டைகளைப் பெருக்கத் தரும் ஊசிமருந்துக்கு மிகையாகத் துலங்கி வீங்கும் ஆபத்து உடையவை, ஆகவே கருக்களை உடனே வைக்காமல் உறையவைத்துப் பின்னொரு மாதத்தில் வைப்பது பாதுகாப்பானது என்று 2016-இல் சீனாவில் 1,508 பெண்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது, அவ்வீக்கம் 7.1 விழுக்காட்டிலிருந்து 1.3 விழுக்காடாகக் குறைந்தது, குழந்தைப்பேறும் கூடியது. உறைந்த கருக்களோ, திருச்சபையின் பார்வையில் மனித ஆள்தன்மைக்குரிய மதிப்பைப் பெற்றவை. 2008-இன் 'திக்னித்தாஸ் பெர்சோனே' அவற்றை உறையவைப்பதை வெளிப்படையாகவே கண்டிக்கிறது. தாயின் உடலுக்குப் பாதுகாப்பான வழியே அதன் அளவுகோலில் கூடுதல் தவறாகிறது. இதற்கு இரட்டை விளைவுக் கொள்கை உதவாது, ஏனெனில் இங்கே உறையவைத்தல் பக்க விளைவன்று, தேர்ந்த வழியே அது. இம்முரணைத் தீர்க்க முடியாது என்று ஒப்புக்கொள்ளும் இறையியலாளர்கள், தத்தெடுப்பைப் பற்றியும் குழந்தையில்லா மணவாழ்வின் நிறைவைப் பற்றியும் எழுதுகின்றனர். அவ்வெழுத்துகளில் ஆறுதல் இருக்கிறது, வாதம் இல்லை.

எல்லாச் சிக்கலும் அவிழ்ந்துவிடும் ஓர் இடமும் உண்டு; அது கன்னியர் மடம். குழந்தை பெறாத பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மிகுதி என்பதைக் கன்னியர் மடங்களில் முதலில் கவனித்தவர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதுவா நகரில் வாழ்ந்த மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி. சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்க அருட்சகோதரிகளுக்கு மாத்திரை கிடைக்க வேண்டும் என்று காரா பிரிட், ரோஜர் ஷார்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியபோது, நலமான கன்னியருக்கு நோய்த்தடுப்பாகத் தருவது 15-ஆம் பத்தியின் 'குணப்படுத்தல்' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று வாதிட இடம் இருந்தது. சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள அருட்சகோதரியைப் பொறுத்தவரை அந்த வாதமும் இல்லை: மாதவிடாய் பல மாதம் நின்று உட்சவ்வு தடித்துவரும் அவருக்கு நோய் இருக்கிறது, தேவை இருக்கிறது, தடுக்கப்படக்கூடிய கருத்தரிப்பு என்று ஒன்றுமே இல்லை. தமிழகத்து வீடுகளில் மணமாகாத மகளுக்கு இதே மாத்திரையை வாங்கித் தரும் தாய், அக்கம்பக்கத்தார் காதில் விழாதபடி, 'ஹார்மோன் மாத்திரை' என்றே அதைக் குறிப்பிடுவதுண்டு; பெயரைப் பொருளிலிருந்து எடுக்காமல் நோக்கத்திலிருந்து எடுக்கும் அத்தாய், பன்னிரண்டாம் பயஸின் உரையைப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. மடத்தின் மருந்தலமாரியிலும் அந்த வீட்டின் அலமாரியிலும் இருக்கும் 21 மாத்திரைகள் கொண்ட அட்டை ஒன்றேதான். கருத்தரிப்பைத் தடுப்பதற்கானது என்ற அச்சு வாசகமும் இரண்டு பெட்டிகளிலும் மாறாமலே இருக்கிறது.